மூளைக் கழிவை ஸ்கேன்லயே பார்த்துடலாம்னு வந்த அந்த ஒரு வரி பத்தி

ஆசிரியர் அவர்களுக்கு வணக்கம்.

போன ஞாயித்துக்கிழமை உங்க மருத்துவப் பக்கத்துல தூக்கத்தைப் பத்தி வந்த கட்டுரையைப் படிச்சேன். நல்லா எழுதியிருந்தாங்க, ராத்திரி ஒழுங்கா தூங்கணும்னு நாலு பேருக்குத் தோணுற மாதிரி இருந்துச்சு. ஆனா கடைசியில "மூளையில கழிவு எவ்வளவு சேர்ந்திருக்குன்னு இப்போ எம்.ஆர்.ஐ. ஸ்கேன்லயே தெரிஞ்சுக்கலாம்"னு ஒரு வரி போட்டிருந்தீங்க. அந்த வரிக்காகத்தான் இந்த லெட்டர் எழுதறேன். நான் பெரம்பூர்ல இருக்கேன், எம்.ஆர்.ஐ. டெக்னீஷியனா வேலை பார்க்க ஆரம்பிச்சு 19 வருஷம் ஆச்சு.

திங்கக்கிழமை காலைல 8 மணிக்கு டூட்டிக்கு உள்ள நுழையறேன், ரிசப்ஷன்ல இருக்குற பொண்ணு "அக்கா, பிரெயின் வேஸ்ட் ஸ்கேன்னு ஒண்ணு போன்ல கேக்குறாங்க, நம்ம ரேட் கார்டுல அது இருக்கா"ன்னு கேக்குது. அன்னைக்கு மட்டும் ஆறு ஏழு போன் வந்துச்சு. மத்தியானம் வில்லிவாக்கத்துல இருந்து ஒரு அம்மா நேராவே வந்துட்டாங்க, உங்க பேப்பரைக் கிழிச்சு மடிச்சு பர்ஸுக்குள்ள வெச்சிருந்தாங்க. வீட்டுக்காரருக்கு ஒரு வருஷமா மறதி, அடுப்புல பால் வெச்சதை மறந்துடுறாரு, தெருப்பேர் மறந்துடுறாரு, எந்த டாக்டர்கிட்டயும் இன்னும் காட்டல. ஏற்கனவே வேற ஒரு ஸ்கேன் சென்டர்ல "மூளை டீடாக்ஸ் பேக்கேஜ்"னு சொல்லி பெரிய தொகை கேட்டிருக்காங்க. "இங்க கொஞ்சம் கம்மியா இருக்கும்னு வந்தேம்மா, இல்லன்னாலும் பரவால்ல, இதை வெச்சாவது எடுத்துடலாம்"னு கழுத்துல இருந்த செயினைத் தொட்டுக் காட்டினாங்க. எனக்கு அங்கயே தொண்டை அடைச்சிருச்சு. அப்படி ஒரு ஸ்கேனே கிடையாதும்மா, முதல்ல நரம்பு டாக்டரைப் பாருங்கன்னு உக்கார வெச்சு அரை மணி நேரம் பேசி அனுப்பினேன். அவங்க நம்பினாங்களான்னு தெரியல, ஏன்னா பேப்பர்ல வந்திருக்கே. அச்சுல வந்த ஒரு வரிக்கு இருக்குற பலம் நான் சொல்ற அரை மணி நேரத்துக்கு இல்ல சார்.

அந்த கட்டுரையில சொன்ன ஆராய்ச்சி பொய்யின்னு நான் சொல்ல வரல. நான் தினமும் தொடுற மெஷின்ல இவ்வளவு பெரிய விஷயம் நடக்குதேன்னு எனக்கு அதுல ரொம்ப பெருமை, வீட்டுல பொண்ணு கிட்ட கூட உக்காந்து சொல்லுவேன். அதனாலதான் அதை சரியா சொல்லணும்னு ஆசைப்படுறேன்.

நம்ம மூளையைச் சுத்தியும், உள்ள இருக்குற அறைகள்லயும், முதுகுத்தண்டுலயும் தண்ணி மாதிரி தெளிவா ஒரு திரவம் இருக்குது, சி.எஸ்.எஃப்.னு சொல்லுவோம். ஒரு நேரத்துல சுமார் 150 மில்லிதான் இருக்கும், ஆனா ஒரு நாளைக்கு அரை லிட்டர் அளவுக்கு ஊறுது, அப்போ தினமும் மூணு நாலு தடவை பழசு போய் புதுசு வருதுன்னு அர்த்தம். ரொம்ப காலமா இதை மூளை அடிபடாம இருக்கறதுக்கான மெத்தைன்னுதான் சொல்லிட்டிருந்தாங்க, நானும் படிக்கும்போது அப்படித்தான் எழுதி பாஸ் பண்ணேன். 2012ல அமெரிக்காவுல ரோசெஸ்டர் பல்கலைக்கழகத்துல மைக்கன் நெடர்கார்ட், ஜெஃப்ரி இலிஃப் இவங்க குழு எலிங்கள்ல ஒண்ணைக் காட்டினாங்க, இந்த திரவம் மூளைக்கு உள்ள போற ரத்தக்குழாயோட வெளிப்பக்கத்தை ஒட்டியே உள்ள இறங்குது, மூளைத்திசுக்குள்ள கசிஞ்சு போய் செல்லுங்க கழிச்சுப்போட்ட புரதக் குப்பையை எல்லாம் அடிச்சிக்கிட்டு, இன்னொரு பக்கம் வெளிய போற சிரைகளை ஒட்டி வெளியேறுது. அல்சைமர் நோய்ல சேருதே பீட்டா அமிலாய்ட், அதுவும் அந்தக் குப்பையில ஒண்ணு. அந்த தண்ணி திசுக்குள்ள சுலபமா போறதுக்கு அக்வாபோரின் 4னு ஒரு புரதம் சின்ன மதகு மாதிரி உதவுது, ரத்தக்குழாயைச் சுத்திப் பிடிச்சிருக்குற ஆஸ்ட்ரோசைட்ங்கற துணை செல்லோட பாதத்துல அது வரிசையா உக்காந்திருக்கு. இதுக்குத்தான் கிளிம்ஃபேட்டிக்னு பேர் வெச்சாங்க. (அக்வாபோரினைக் கண்டுபிடிச்சதுக்காக பீட்டர் ஏக்ருக்கு வேதியியல் நோபல் கிடைச்சது 2003ல, எம்.ஆர்.ஐ.க்காக லாட்டர்பருக்கும் மான்ஸ்ஃபீல்டுக்கும் மருத்துவ நோபல் கிடைச்சதும் அதே 2003தான், இந்த ரெண்டும் பின்னாடி ஒரே ஆராய்ச்சியில வந்து சேரும்னு அன்னைக்கு யாரு நினைச்சிருப்பாங்க.)

அடுத்த வருஷமே, 2013ல, அதே ரோசெஸ்டர் குழு இன்னொண்ணு சொன்னாங்க. எலி தூங்கும்போது மூளை செல்லுங்களுக்கு நடுவுல இருக்குற இடைவெளி சுமார் 60 சதவீதம் அகலமாகுது, அதனால கழிவு வேகமா வெளிய போகுதுன்னு. உலகம் பூரா "தூக்கம் மூளையைக் கழுவுது"ன்னு பரவினது இதுல இருந்துதான், உங்க கட்டுரையும் இதைத்தான் சொல்லுது. இங்க ஒண்ணு கவனிக்கணும், அதை அவங்க பார்த்தது எலியோட மண்டையில சின்ன ஜன்னல் மாதிரி வெச்சு, மைக்ராஸ்கோப் வழியாவும் உள்ள மெல்லிசு மின்முனை விட்டும். மனுஷன் தலையில அப்படி ஜன்னல் வெக்க முடியாது இல்லையா, அங்கதான் எங்க மெஷின் உள்ள வருது.

எம்.ஆர்.ஐ. பார்க்கறதே தண்ணியைத்தான். நம்ம மூளையில முக்கால்வாசி தண்ணி, அந்த தண்ணியில இருக்குற ஹைட்ரஜன் அணுவோட கருவை பெரிய காந்தத்துக்குள்ள வெச்சு ரேடியோ அலையால தட்டி, அது திரும்ப குடுக்குற சிக்னலை வெச்சுதான் படம் வருது. எக்ஸ்ரே மாதிரி கதிர்வீச்சு கிடையாது. ஆனா கழிவுப் புரதம் தனியா ஒரு கலர்ல தெரியும், இவ்வளவு கிராம் சேர்ந்திருக்குன்னு நம்பர் வரும்னு யாராச்சும் நினைச்சா அது தப்பு. அமிலாய்ட் மூளையில படிஞ்சிருக்கான்னு பார்க்க பெட் ஸ்கேன்ல தனி மருந்து ஏத்தி பார்ப்பாங்க, அது வேற மெஷின். எம்.ஆர்.ஐ.ல கழிவு வெளியேத்துறதைப் படிக்கிறவங்க எல்லாரும் தண்ணி எப்படி நகருதுன்னு பார்த்து, அதுல இருந்து யோசிச்சு ஒரு முடிவுக்கு வர்றாங்க.

அதுல எனக்கு ரொம்ப பிடிச்சது 2019ல பாஸ்டன் பல்கலைக்கழகத்துல லாரா லூயிஸ் குழு செஞ்சது. எங்க வேலையில தினம் நடக்குற ஒண்ணு சொல்றேன், நைட் டூட்டி முடிச்சிட்டு நேரா ஸ்கேனுக்கு வர்றவங்க இருக்காங்க, செக்யூரிட்டி வேலை பார்க்குறவங்க, ஓ.எம்.ஆர்.ல கம்ப்யூட்டர் கம்பெனி பசங்க, நர்ஸுங்க. தாலி, மெட்டி, ஹேர்பின், இடுப்புல கட்டின தாயத்து எல்லாத்தையும் கழட்டச் சொல்லி, காதுல பஞ்சு வெச்சு, தலைக்கு சிக்னல் பிடிக்கிற காயில்ங்கற கூண்டை மாட்டி உள்ள அனுப்பினா, அவ்வளவு டொக்கு டொக்குன்னு சத்தத்துலயும் அஞ்சு நிமிஷத்துல தூங்கிடுவாங்க. குறட்டை விட்டா தலை ஆடும், படம் கலங்கும், நான் மைக்ல "சார், தூங்காதீங்க, அசையாம படுங்க"ன்னு எழுப்புவேன். பாஸ்டன்ல அவங்களுக்கு வேண்டியதே அந்த தூக்கம்தான். தலையில மூளையோட மின்அலையை அளக்குற இ.இ.ஜி. மாட்டி ஆளுங்களை மெஷினுக்குள்ளயே தூங்க விட்டாங்க, ஆழ்ந்த தூக்கத்துல மூளையோட மின்அலை மெதுவா பெருசா வரும்போது, அதுக்குப் பின்னாடியே ரத்தம் கொஞ்சம் குறையுது, அந்த காலி இடத்துக்கு சி.எஸ்.எஃப். அலையா உள்ள வருது, கிட்டத்தட்ட 20 செகண்டுக்கு ஒரு அலைன்னு பார்த்தாங்க. முழிச்சிருக்கும்போது அவ்வளவு பெரிய அலை வரல.

அதை எப்படி பார்த்தாங்கங்கறதுலதான் எனக்கு சிலிர்த்துச்சு. படம் எடுக்குற ஸ்லைஸுக்குள்ள, அதாவது அந்த மெல்லிசு குறுக்குவெட்டுக்குள்ள, புதுசா தண்ணி வந்தா அது மத்ததை விட பளிச்சுன்னு தெரியும், ஏன்னா அந்த தண்ணி இன்னும் ரேடியோ அலையில அடிபட்டிருக்காது. எங்களுக்கு அது ஃப்ளோ ஆர்ட்டிஃபாக்ட், படத்தைக் கெடுக்குற தொல்லை, அதைக் குறைக்கறதுக்குன்னே செட்டிங் மாத்துவோம். அதே தொல்லையை அவங்க அளவுகோலா எடுத்துக்கிட்டாங்க. 19 வருஷமா எத்தனையோ ஆயிரம் தலையில நான் துடைச்சுப் போட்ட அந்த வெளிச்சத்துக்குள்ள இப்படி ஒரு விஷயம் இருந்திருக்குன்னு நினைச்சா அன்னைக்கு ராத்திரி எனக்கு தூக்கமே வரல.

இன்னொரு வழி நார்வேல ஓஸ்லோவுல ரிங்ஸ்டாட், ஐடா ரெண்டு பேரும் செஞ்சது. சாதாரணமா நாங்க கையில நரம்புல போடுற கான்ட்ராஸ்ட் ஊசி, கடோலினியம் கலந்தது, அது ரத்தத்துல இருந்து மூளைக்குள்ள சுலபமா இறங்காது, தடுப்பு இருக்கு. அதனால அவங்க முதுகுல ஊசி போட்டு சி.எஸ்.எஃப்.லயே ரொம்ப கொஞ்சமா அந்த மருந்தை விட்டு, அன்னைக்கும் அடுத்த நாளும் அதுக்கு அடுத்த நாளும் திரும்பத் திரும்ப ஸ்கேன் எடுத்தாங்க. மருந்து மூளையோட வெளிப்பரப்புல மட்டும் நிக்காம ஆழத்துக்குள்ள இறங்கி, அப்புறம் மெல்ல மெல்ல வெளிய போறது தெரிஞ்சுது. இது நிமிஷக் கணக்குல நடக்குற வேலை இல்ல, ஒரு நாள் ரெண்டு நாள் ஆகுது. 2021ல அவங்க வெளியிட்டதுல, ஒரு ராத்திரி முழுக்க தூங்காம இருக்க வெச்சவங்களுக்கு மருந்து மூளையை விட்டு போறது தாமதமாச்சு, மறுநாள் ராத்திரி நல்லா தூங்கியும் அந்த பாக்கி சரியாகலன்னு காட்டினாங்க. நைட் ஷிஃப்ட் பார்க்குற வீட்டுல பொறந்தவங்க இதைப் படிச்சா வயித்தைப் பிசையும், எனக்குப் பிசைஞ்சுது. அதுக்காக இதுவே முடிவான தீர்ப்புன்னு எடுத்துக்கக் கூடாது, சின்ன குழு, எல்லாரும் ஏதோ ஒரு பிரச்சனைக்காக ஆஸ்பத்திரிக்கு வந்தவங்க.

2024ல அமெரிக்காவுல ஓரிகன்ல, மூளை ஆபரேஷனுக்கு வந்த 5 பேர்கிட்ட இதே மாதிரி மருந்து விட்டு எடுத்த படத்துல ரத்தக்குழாயை ஒட்டி மருந்து போற பாதை தெளிவா தெரிஞ்சுது. அதுக்கு அவங்க உபயோகிச்சது ஃப்ளேர் சீக்குவென்ஸ், நாங்க தினம் ஒவ்வொரு மூளை ஸ்கேன்லயும் எடுக்குறது. ஃப்ளேர்ல திரவம் எல்லாம் கறுப்பா போயிடும், மருந்து கலந்த இடம் மட்டும் வெளுப்பா தெரியும், அதனாலதான் அந்த மெல்லிசு பாதை கூட கண்ணுக்குப் பட்டுச்சு.

இதைப் படிச்சிட்டு யாராச்சும் "அப்போ எனக்கும் முதுகுல அந்த ஊசி போட்டுப் பாருங்க"ன்னு கேட்டுடக் கூடாதுன்னுதான் அழுத்தி சொல்றேன். கடோலினியத்தை முதுகுல விடுறது வழக்கமான உபயோகம் கிடையாது, அளவு தப்பினா வலிப்பு, கோமா, உயிருக்கே ஆபத்து வரைக்கும் போகும். அங்க எதிக்ஸ் கமிட்டி அனுமதியோட, கூடவே இருந்து பார்த்துக்கிட்டு, ரொம்ப குறைஞ்ச அளவுல செஞ்சாங்க. கையில போடுற சாதாரண கான்ட்ராஸ்டுக்கே நாங்க கிட்னி எப்படி வேலை செய்யுதுன்னு காட்டுற கிரியாட்டினின் ரத்த டெஸ்ட் ரிப்போர்ட் கேப்போம், கிட்னி சரியில்லாதவங்களுக்கு யோசிச்சுதான் போடுவோம்.

அப்போ அந்த பேக்கேஜ்ல என்னதான் பண்றாங்கன்னு கேப்பீங்க. வில்லிவாக்கம் அம்மா ஒரு நோட்டீஸ் காட்டினாங்க, அதுல ஆல்ப்ஸ் இன்டெக்ஸ்னு போட்டிருந்துச்சு. 2017ல ஜப்பான்ல நகோயாவுல டவோகா குழு சொன்ன முறை அது. ஊசியே வேணாம், தண்ணி எந்தப் பக்கமா பரவுதுன்னு அளக்குற டிஃப்யூஷன் படம் இருந்தா போதும், மூளையோட பக்கவாட்டு அறையை ஒட்டி சின்ன சிரைகள் ஒரே பக்கமா ஓடுற ஒரு இடத்தை எடுத்து, அந்தப் பக்கமா தண்ணி எவ்வளவு சுலபமா அசையுதுன்னு ஒரு விகிதம் போடுவாங்க. ஒரு நம்பர் வரும். ஊசி இல்ல, பழைய ஸ்கேனை வெச்சே கணக்குப் போடலாம், அதனால உலகம் பூரா ஏகப்பட்ட கட்டுரை வந்துச்சு. நூறு பேரை ஒரு குழுவாவும் இன்னொரு நூறு பேரை ஒரு குழுவாவும் வெச்சு ஒப்பிட்டுப் பார்க்க அது உதவலாம். ஆனா அது பார்க்குறது மூளையில ஒரு துளியூண்டு இடம், வயசாகி வெள்ளைப் பகுதி நரம்பு நார்ல மாத்தம் வந்தாலும் அந்த நம்பர் மாறும், தலையை வெக்கிற கோணம் மாறினாலும் மாறும், மெஷின் மாறினாலும் மாறும். கழிவு போகுதா இல்லையான்னு அதை வெச்சு நேரடியா சொல்ல முடியாதுன்னு அந்தத் துறை ஆளுங்களே எழுதியிருக்காங்க. அப்படிப்பட்ட நம்பரை ஒரு பயந்த மனுஷன் கையில ரிப்போர்ட்டா குடுத்து காசு வாங்குறது எனக்கு ஆத்திரமா இருக்குது சார், நானும் இதே தொழில்ல இருக்குறதால இன்னும் ஜாஸ்தியா இருக்குது.

இன்னொண்ணு, இந்த விஷயம் இன்னும் சண்டையில இருக்குது. 2024ல லண்டன் இம்பீரியல் காலேஜ்ல ஃப்ராங்க்ஸ் குழு, எலிங்கள்ல சாய மருந்து வெச்சுப் பார்த்து, தூக்கத்துலயும் மயக்கத்துலயும் மூளையில இருந்து வெளியேத்தம் கூடல, குறையுதுன்னு சொன்னாங்க. அது அப்படியே 2013 ஆராய்ச்சிக்கு எதிர். நீங்க அளந்த முறையே சரியில்லன்னு மத்தவங்க பதில் சொல்றாங்க. இப்படி மோதித்தான் உண்மை வெளிய வரும், அதுல தப்பு இல்ல. ஆனா படிக்கிறவங்களுக்கு இந்த மோதல் நடக்குதுன்னு ஒரு வார்த்தை சொல்லணும் இல்லையா, உங்க கட்டுரையில அது இல்ல.

எங்க ஃபிளாட் குரூப்ல "ஒருக்களிச்சு படுத்தா மூளைக் கழிவு வேகமா போகும், விஞ்ஞானிகள் நிரூபிச்சுட்டாங்க"ன்னு மாசத்துக்கு ஒரு தடவை ஃபார்வேர்டு வருது. அது 2015ல மயக்கம் குடுத்த எலிங்களை எம்.ஆர்.ஐ.ல வெச்சு மல்லாக்க, குப்புற, ஒருக்களிச்சுன்னு மூணு விதமா படுக்க வெச்சுப் பார்த்தது. ஒருக்களிச்சது நல்லா இருந்துச்சு, வாஸ்தவம்தான், எலிக்கு. அதுக்காக முதுகு ஆபரேஷன் ஆன எங்க பக்கத்து வீட்டு பாட்டி ராத்திரி பூரா கஷ்டப்பட்டு ஒரே பக்கமா படுத்து இடுப்பு பிடிச்சுக்கிட்டு உக்காந்தாங்க. தூக்க மாத்திரை விஷயமும் அப்படித்தான், 2025ல சோல்பிடெம் குடுத்த எலிங்களுக்கு இந்த திரவ ஓட்டம் குறைஞ்சுதுன்னு வந்துச்சு. உடனே டாக்டர் குடுத்த மாத்திரையை நீங்களா நிறுத்திடாதீங்க, அவர்கிட்டயே கேளுங்க.

மறதிக்கு எம்.ஆர்.ஐ. எடுக்கறதே வீண்னு நான் சொன்னதா யாரும் எடுத்துக்கக் கூடாது, இந்த இடத்துல கொஞ்சம் நின்னு சொல்லிடறேன். டாக்டர் எழுதிக் குடுத்தா கண்டிப்பா எடுங்க. சின்ன சின்ன ஸ்ட்ரோக் வந்து போயிருந்தா தெரியும், கட்டி இருந்தா தெரியும், எப்பவோ கீழ விழுந்ததுல மூளைக்கு மேல ரத்தம் கட்டியிருந்தா தெரியும், ஞாபகத்துக்கு முக்கியமான ஹிப்போகேம்பஸ்ங்கற பகுதி சுருங்கியிருந்தா தெரியும். முக்கியமா ஒண்ணு, சி.எஸ்.எஃப். சரியா வடியாம மூளை அறைகள் பெருசாகுற ஒரு நோய் இருக்கு, வயசானவங்களுக்கு வரும், நடை தரையில ஒட்டின மாதிரி ஆகும், ஒண்ணுக்கு அடக்க முடியாது, மறதி வரும். வீட்டுல வயசாயிடுச்சுன்னு விட்டுடுவாங்க. ஸ்கேன்ல பார்த்து, முதுகுல இருந்து கொஞ்சம் நீர் எடுத்துப் பார்த்து, பொருத்தமா இருந்தா அந்த நீரை வடிக்கிற ஷன்ட்ங்கற குழாய் வெச்சா பல பேருக்கு நடை திரும்புது. ஓஸ்லோக்காரங்க முதல்ல படிச்சதும் இந்த நோயாளிங்களைத்தான், அவங்களுக்கு மருந்து மூளையை விட்டு போறது மெதுவா இருந்துச்சுன்னு பார்த்தாங்க. இதோட பி12, தைராய்டு ரத்த டெஸ்ட்டும் பார்க்கணும், அதுல குறை இருந்தாலும் மறதி வரும், அதுக்கு செயின் அடகு வெக்க வேண்டியதில்ல.

ரிப்போர்ட்ல "ப்ராமினென்ட் பெரிவாஸ்குலர் ஸ்பேசஸ்", இல்ல "விர்ஷோ ராபின் ஸ்பேசஸ்"னு ஒரு வரி வந்தா இப்போ எல்லாரும் செல்போன்ல தேடிப் பார்த்துட்டு கழிவு அடைச்சிருச்சுன்னு போன் பண்றாங்க. ரத்தக்குழாயைச் சுத்தி இருக்குற இடைவெளி அது, வயசானா பல பேருக்குப் பெருசா தெரியும். அது எத்தனை இருக்கு, எங்க இருக்கு, கூட வேற என்ன இருக்குன்னு சேர்த்துப் பார்த்துதான் டாக்டர் சொல்ல முடியும், அந்த ஒரு வரியை வெச்சு ராத்திரி தூக்கத்தைக் கெடுத்துக்காதீங்க.

நான் ஏன் இவ்வளவு எழுதறேன்னா எங்க அப்பா. 76 வயசு ஆகுது. அவர் உங்க தொழில்தான் சார், மவுன்ட் ரோடு பக்கம் ஒரு பத்திரிகை பிரஸ்ல மெஷின் செக்ஷன்ல 31 வருஷம் நைட் டூட்டி. முதல்ல வெளியூர் எடிஷன் ஓடும், அப்புறம் சிட்டி எடிஷன், கடைசி பண்டில் வேன்ல ஏறினப்புறம்தான் கை கழுவுவாரு. காலைல முதல் பஸ் பிடிச்சு வீட்டுக்கு வருவாரு, சட்டையில மை வாசனை அடிக்கும். எங்களுக்கு விடியும்போது அவருக்கு ராத்திரி, கண்ணுல ஈரத்துண்டைப் போட்டுக்கிட்டு படுப்பாரு, ஒத்தை ரூம் வீடு, பக்கத்துல ஸ்கூல், தெருவுல மீன்காரம்மா, கோலமாவு, சாணை பிடிக்கிறவர், ஃபேன் போனா அதுவும் இல்ல. அம்மா எங்களை வாயைத் தொறக்க விடமாட்டாங்க, நாங்க மொட்டை மாடியில போய் உக்காந்து படிப்போம். அவ்வளவு பண்ணியும் நாலு மணி நேரம் சேர்ந்தாப்புல தூங்கியிருப்பாரான்னா சந்தேகம்தான்.

மூணு வருஷமா அவருக்கு மறதி. அந்த நைட் டூட்டியாலதான் வந்துச்சுன்னு நான் சொல்லல, ஒரு ஆளை வெச்சு அப்படி சொல்லவும் முடியாது, சர்க்கரையும் பிரஷரும் கூட இருக்கு அவருக்கு. ஆனா அந்தக் கேள்வி என்னை விடமாட்டேங்குது. நம்ம நாட்டுல 60 வயசுக்கு மேல இருக்குறவங்கள்ல 7.4 சதவீதம் பேருக்கு டிமென்ஷியா, 88 லட்சம் பேர்னு ஒரு பெரிய கணக்கெடுப்பை வெச்சு 2023ல வெளியிட்டாங்க. இந்த ஊர்ல ராத்திரி முழிச்சிருக்குறவங்களை நினைச்சுப் பாருங்க, கோயம்பேட்டுல நடுராத்திரியே காய் லாரி இறக்குறவங்க, காசிமேட்டுல மீன் ஏலத்துக்கு நிக்கிறவங்க, பால் வண்டி ஓட்டுறவங்க, ராத்திரியில ரோடு கூட்டுற தூய்மைப் பணியாளருங்க, துறைமுகம், போலீஸ், ஆம்புலன்ஸ், ஐ.டி. பசங்க, உங்க பிரஸ்ல இப்பவும் நிக்கிறவங்க. பாஸ்டன்லயும் ஓஸ்லோவுலயும் எடுத்த படத்தை வெச்சு இவங்க மூளையைப் பத்தி எவ்வளவு நாள் ஊகிச்சுக்கிட்டிருக்க முடியும்.

சென்னையில முடியாத விஷயமும் இல்ல. ஐ.ஐ.டி. மெட்ராஸ்ல சுதா கோபாலகிருஷ்ணன் மூளை ஆராய்ச்சி மையம் இருக்குது, 2024 கடைசியில கருவுல இருக்குற குழந்தையோட மூளையை ஐயாயிரத்துக்கு மேல மெல்லிசு துண்டா எடுத்து தரணின்னு முப்பரிமாண அட்லஸ் வெளியிட்டாங்க. அது உயிர் போனப்புறம் எடுத்த மூளை, இது உயிரோட தூங்கிட்டிருக்குற மூளை, வித்தியாசம் எனக்குத் தெரியும், ஆனா அந்த அளவுக்கு வேலை செய்யத் தெரிஞ்ச ஆளுங்க இங்கயே இருக்காங்கங்கறதுதான் நான் சொல்ல வர்றது. 3 டெஸ்லா காந்த சக்தி உள்ள எம்.ஆர்.ஐ. மெஷின் ஊர்ல எத்தனையோ இருக்கு, நிறைய இடத்துல ராத்திரி 10 மணிக்கு மேல எமர்ஜென்சி தவிர சும்மாதான் இருக்கும். பாஸ்டன் மாதிரி ஊசி எதுவும் போடாம எடுக்குற ஸ்கேனை, முறையான அனுமதியோட, வர்றவங்க கிட்ட ஒத்த ரூபா வாங்காம, நைட் ஷிஃப்ட் ஆளுங்களையும் பகல் வேலை ஆளுங்களையும் வருஷக்கணக்கா தொடர்ந்து பார்த்தா எவ்வளவு தெரியவரும். டெக்னீஷியன் வேணும்னா லீவு போட்டுட்டு நான் வர்றேன், என்னை மாதிரி இன்னும் பத்து பேரைக் கூட்டிட்டு வர்றேன்.

உங்ககிட்ட கேக்குறது ரெண்டே ரெண்டுதான். கட்டுரை வந்த அதே பக்கத்துல, அதே எழுத்து அளவுல, மூளைக் கழிவு வெளியேறுறதைப் படிக்கிற எம்.ஆர்.ஐ. ஆராய்ச்சியில மட்டும்தான் இருக்கு, பொதுமக்கள் காசு குடுத்து எடுக்குற டெஸ்ட்டா இன்னும் வரலன்னு ஒரு திருத்தம் போடுங்க. அப்புறம், மருத்துவக் கல்லூரியில ஐ.ஐ.டி.ல இருக்குறவங்க கிட்ட உங்க நிருபர் ஒருத்தரை அனுப்பி, இந்த ஊர் நைட் ஷிஃப்ட் ஆளுங்களை வெச்சு இப்படி ஒரு ஆய்வு செய்ய என்ன வேணும், யாரு பணம் குடுக்கணும்னு கேட்டு எழுதுங்க. வில்லிவாக்கம் அம்மா நரம்பு டாக்டர்கிட்ட டோக்கன் வாங்கிட்டேன்னு நேத்து போன் பண்ணாங்க, திருத்தம் வந்தா முதல்ல அவங்களுக்குத்தான் காட்டப் போறேன்.

அப்பா இப்பவும் ராத்திரி ரெண்டு மணிக்கு எந்திரிச்சு உக்காந்துடுவாரு. "சிட்டி எடிஷன் முடிஞ்சுதா, வேன் கிளம்பிடுச்சா"ன்னு கேப்பாரு. முடிஞ்சுதுப்பா, கிளம்பிடுச்சு, நீங்க படுங்கன்னு சொல்லுவேன். படுத்துப்பாரு.

இப்படிக்கு,
ஒரு எம்.ஆர்.ஐ. டெக்னீஷியன்,
பெரம்பூர், சென்னை